வாயில் வாழும் கிருமி, வால்வில் வளரும் கிருமி



பல்லுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இதைப் பற்றி இப்போது கைபேசியில் நிறையச் செய்திகள் வருகின்றன. ஈறில் இரத்தம் கசிந்தால் மாரடைப்பு நிச்சயம் என்கிறது ஒன்று. வேர் சிகிச்சை செய்த பல் விஷம், உடனே பிடுங்கிவிடுங்கள் என்கிறது இன்னொன்று. இதய நோயாளிகளோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு இரண்டுமே கவலை தருகின்றன. இரண்டு வேறு வேறு நோய்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, இதயத்தின் வால்வில் கிருமி குடியேறும் நோய். மற்றது, இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடும் நோய். மாரடைப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். முதல் நோய்க்கும் வாய்க்கும் உள்ள தொடர்பில் ஐயமே இல்லை. இரண்டாவது நோயோடு உள்ள தொடர்பு வேறு தன்மையானது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதல் நோயைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நம் நாட்டில் அதில் போகும் உயிர்களோ பெரும்பாலும் இளம் உயிர்கள்.

குஸ்டாவ் மாலர் என்று ஓர் இசை மேதை. வியன்னாவின் அரசவை ஓப்பராவை நடத்தியவர், பிற்பாடு நியூயார்க்குக்குப் போனவர். அவருடைய இதய வால்வில் பழுது இருப்பது 1907-லேயே தெரிந்துவிட்டது. 1911 பிப்ரவரி 21 அன்று, உடம்பில் காய்ச்சலோடு, கார்னகி அரங்கில் இசைக்குழுவை நடத்தினார். அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் இமானுவேல் லிப்மன் அந்தக் காலத்தில் வால்வுத் தொற்றைக் கண்டறிவதில் பெயர் பெற்றவர். அவருடைய இளம் உதவியாளர் ஜார்ஜ் பேர், மாலரின் கையிலிருந்து இரத்தம் எடுத்து வளர்ப்புத் தட்டுகளில் இட்டார். சில நாளில் அதில் ஒரு கிருமி முளைத்தது: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விரிடான்ஸ். அந்தப் பெயரைக் கேட்டதுமே அவருடைய மருத்துவர்களுக்கு முடிவு தெரிந்துவிட்டது. பாரிஸுக்கும் அங்கிருந்து வியன்னாவுக்கும் கொண்டுபோனார்கள். மே 18 அன்று இறந்தார். வயது 50.

அன்று இந்த நோய் வந்தவர் பிழைப்பது மிக அரிது. 1944-இல் புரூக்ளினில் லியோ லோவே என்ற மருத்துவர் பெனிசிலினைத் தாராளமாகக் கொடுத்து ஏழு நோயாளிகளைத் தேற்றிய பிறகுதான் மருத்துவ உலகம் மூச்சு விட்டது.

மாலரைக் கொன்ற அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? வெளியூரிலிருந்து வரவில்லை. இந்த அரங்கில் இருக்கும் எல்லோருடைய வாயிலும் அது இப்போது இருக்கிறது, என் வாயிலும் இருக்கிறது. பல்லின் மேல் படியும் வழவழப்பான படலத்தில், ஈறின் ஓரத்தில், கன்னத்தின் உட்புறத்தில் அது வாழ்கிறது. மனித வாயில் 700-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவற்றில் இதுவும் ஒன்று. வாயில் இருக்கும்வரை பெரிய தொந்தரவு தராது. இரத்தத்துக்குள் போனாலும் நல்ல இதயம் உள்ளவருக்குச் சில நிமிடங்களில் உடம்பே அதைத் துடைத்து எடுத்துவிடும். பழுதான வால்வு உள்ளவருக்குத்தான் ஆபத்து.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நல்ல வால்வின் மேற்பரப்பு பளிங்கு மாதிரி வழுக்கும், எதுவும் ஒட்டாது. தழும்பேறிய வால்வோ, ஒழுகும் வால்வோ அப்படி இல்லை. இரத்தம் பீய்ச்சி அடித்து அதன் மேல்தோலைச் சிராய்த்துவிடுகிறது. சிராய்ப்பை மூட உடம்பு அங்கே நுண்ணிய உறைகட்டியை வைக்கிறது. விரிடான்ஸ் கிருமிக்குப் பிசுபிசுப்பான பொருளைச் சுரக்கும் திறமை உண்டு. பல்லில் ஒட்டிக்கொள்ள எது உதவுகிறதோ, அதுவே வால்வின் உறைகட்டியில் ஒட்டிக்கொள்ளவும் உதவுகிறது. ஒட்டிய பிறகு அங்கேயே பெருகி, உறைகட்டியைப் போர்த்திக்கொண்டு, முளைவிட்டதுபோல் வளர்கிறது. வால்வின் இதழ்களுக்குள் இரத்தக் குழாய்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் வெள்ளணுக்கள் அங்கே போய்ச் சேர முடியாது, மருந்தும் எளிதில் ஊறாது. முக்கியமாக இந்தக் காரணத்தால்தான், சாதாரணத் தொற்று பலவற்றுக்கு ஐந்து நாள் மாத்திரை போதும் என்றால், இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் நரம்பில் ஊசி மருந்து போகவேண்டியிருக்கிறது. நவீன மருத்துவமனைகளிலும் இந்த நோயோடு சேர்க்கப்படுபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வீடு திரும்புவதில்லை.

எல்லா வால்வுத் தொற்றும் வாயிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். தோலிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் உண்டு, குடலிலிருந்து வரும் கிருமிகள் உண்டு. பணக்கார நாடுகளில் ஸ்டஃபைலோகாக்கஸ்தான் இன்று முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் வாய்க் கிருமி தன் பங்கை எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நம்மைப் போன்ற நாடுகளில் அதற்கு ஒரு பழைய கூட்டாளியும் உண்டு: ருமாட்டிக் காய்ச்சல்.

பள்ளிக்கூட வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்குத் தொண்டை வலி வருகிறது. அது வேறொரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், விரிடான்ஸுக்குத் தூரத்து உறவு. தொண்டை வலி ஆறிவிடுகிறது. சில வாரம் கழித்து மூட்டு வீங்கி, காய்ச்சல் வந்து, அதுவும் ஆறிவிடுகிறது. ஆனால் அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு கிளப்பிய படை சொந்த வால்வையே தாக்கிவிட்டுப் போயிருக்கும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தப் பெண் கருவுறும்போதுதான், மூச்சு வாங்குகிறதே என்று பார்த்தால், மைட்ரல் வால்வு சுருங்கிப்போயிருக்கும். முதல் கிருமி வால்வைக் கெடுத்துவிட்டுப் போகிறது. இரண்டாவது வந்து அதில் குடியேறுகிறது. தமிழ்நாட்டில் ருமாட்டிக் இதய நோய் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் சிறுவயதில் வந்தது நடுவயதில் வால்வு அறுவைச் சிகிச்சையாக வந்து நிற்பதை இதய வார்டில் இன்றும் பார்க்கிறோம். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள பிள்ளைகளும் இந்த வரிசையில் உண்டு.

இதய வார்டில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்த காட்சி ஒன்று. வயல் வேலைக்குப் போகும் ஒரு பெண். மாலையானால் இலேசான காய்ச்சல், இரவில் வியர்வை, பசியில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு பாரசிட்டமாலும் மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக்கும் வாங்கிச் சாப்பிடுகிறார். காய்ச்சல் தணிகிறது, நிறுத்தியதும் திரும்புகிறது. டைஃபாய்டு என்று ஒருவர் சொல்கிறார், காசநோயாக இருக்குமோ என்று இன்னொருவர். இரண்டு மாதம் இப்படியே போகிறது. ஒரு நாள் காலையில் கை கால் ஒரு பக்கம் விழுந்துவிடுகிறது. வால்வில் வளர்ந்தது உடைந்து, ஒரு துணுக்கு மூளைக் குழாயை அடைத்திருக்கிறது. அப்போதுதான் நம்மிடம் வருகிறார். வாயைத் திறக்கச் சொன்னால், கடைவாயில் வேர் மட்டும் மிஞ்சிய பற்கள், தொட்டால் இரத்தம் கசியும் ஈறு. பல் வலி எத்தனை நாளாக அக்கா என்று கேட்டால், அது கிடக்குது சார், வருஷக் கணக்கா இருக்கு என்பார்.

இரண்டு மாதம் அவர் சாப்பிட்ட அந்த மூன்று நாள் மாத்திரைகள் இன்னொரு கேடும் செய்திருக்கும். கிருமியைக் கொல்லாது, ஆனால் இரத்தத்தில் வளர்த்துப் பார்க்கும்போது அகப்படாத அளவுக்கு அடக்கிவைக்கும். இந்தியாவில் வால்வுத் தொற்று நோயாளிகளின் இரத்தப் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போவது அதிகம். அதற்கு முக்கியக் காரணம் இந்த அரைகுறை மாத்திரைதான். எந்தக் கிருமி என்று தெரியாமல் ஆறு வாரம் மருந்து கொடுப்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் பெரும் சோதனை. ஆகவே வால்வில் பழுது இருப்பதாகத் தெரிந்தவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். காய்ச்சல் நாலைந்து நாள் நீடித்தால், ஆன்டிபயாடிக் ஒன்றுகூட வாயில் போடும் முன் இரத்தம் எடுத்து வளர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே கேளுங்கள், தயங்காதீர்கள்.

சரி, கிருமி வாயிலிருந்து இரத்தத்துக்கு எப்போது போகிறது? 1935-இல் லண்டனில் ஓக்கல், எலியட் என்ற இருவர், பல் பிடுங்கிய 138 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 61 சதவீதம் பேரிடம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருந்தது. அதைப் பார்த்துதான், பல் பிடுங்கும் முன் மருந்து கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1955-இல் அமெரிக்க இதயச் சங்கம் அதை முறையான பரிந்துரையாக வெளியிட்டது. ஆனால் அதே ஆய்வில், ஈறு நோய் முற்றிய சிலருக்குப் பல்லைத் தொடுவதற்கு முன்பே இரத்தத்தில் கிருமி இருந்ததையும் அவர்கள் கண்டிருந்தார்கள். அந்தப் பாதியை உலகம் நெடுங்காலம் கவனிக்கவில்லை.

2008-இல் பீட்டர் லாக்ஹார்ட்டும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 290 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்தில்லாமல் பல் பிடுங்கியவர்களில் 60 சதவீதம் பேருக்கு, வால்வைத் தாக்கவல்ல கிருமி இரத்தத்தில் தென்பட்டது. மருந்து கொடுத்துப் பிடுங்கியவர்களில் 33 சதவீதம். வெறுமனே பல் துலக்கியவர்களில் 23 சதவீதம். கடைசி எண்ணைக் கவனியுங்கள். பல் பிடுங்குவது வாழ்நாளில் சில முறை நடப்பது. பல் துலக்குவது தினம் இரண்டு முறை. மெல்வது அதைவிட அதிகம். ஆண்டுக்கணக்கில் கூட்டிப் பார்த்தால், பல் மருத்துவரின் நாற்காலியில் நுழையும் கிருமியைவிட, அன்றாடம் சோறு மெல்லும்போது நுழையும் கிருமி பல மடங்கு.

இதைக் கேட்டு யாரும் பல் துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள்! குற்றம் துலக்குவதில் இல்லை. கிருமி பெரும்பாலும் புண்ணான ஈறு வழியாக நுழைகிறது. ஈறு உறுதியாக இருந்தால் கதவு சாத்தியிருக்கும். ஈறு நோயுள்ள வாயில் பல்லைச் சுற்றிய உட்பரப்பு முழுதும் திறந்த புண். அளந்து பார்த்தவர்கள் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் என்கிறார்கள். காலில் அந்த அளவுப் புண் இருந்தால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போவோம். வாயில் இருப்பதால் விட்டுவிடுகிறோம்.

நான் இன்று சொல்ல வந்ததன் மையம் இதுதான். வால்வு நோயாளி பல் மருத்துவரிடம் போகும் அந்த ஒரு நாளைத்தான் ஆபத்தான நாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த பயத்தால் போகாமலே இருந்துவிடுகிறார்கள். சில பல் மருத்துவர்களும், நீங்கள் ஹார்ட் பேஷன்ட், எனக்கு எதற்கு வம்பு என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் ஆபத்து, அவர் போகாமல் இருக்கும் மற்ற 364 நாட்களில் இருக்கிறது.

அப்படியானால் முன்மருந்து வேண்டாமா? வேண்டும், சிலருக்கு. செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு ஒரு முறை வால்வுத் தொற்று வந்து பிழைத்தவர்கள், நீலம் பூக்கும் சில பிறவி இதய நோய்கள் உள்ளவர்கள் ஆகியோருக்கு வேண்டும். ஈறைத் தொட்டுச் செய்யும் சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே ஒரு வேளை, அவ்வளவுதான். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் இது தேவையில்லை. இவர்களுக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுப்பது வீண் செலவு. 2007-இல் அமெரிக்கச் சங்கம் இப்படிப் பட்டியலைச் சுருக்கியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து ஒரு படி மேலே போய், யாருக்கும் வேண்டாம் என்றது. மாதம் 10,900 ஆக இருந்த மருந்துச் சீட்டு 2,236 ஆகக் குறைந்தது. ஆனால் 2013 வாக்கில், எதிர்பார்த்ததைவிட மாதம் 35 பேருக்கு அதிகமாக வால்வுத் தொற்று வந்திருந்ததை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மருந்தை நிறுத்தியதுதான் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிடவில்லை. ஆனாலும் மறு ஆண்டே, வழக்கமாகத் தரவேண்டாம் என்று ஒரு சொல்லைச் சேர்த்து, தேவைப்படுவோருக்குத் தர வழிவிட்டார்கள்.

ருமாட்டிக் வால்வு உள்ளவர்கள் இந்தச் சுருங்கிய பட்டியலில் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில், ருமாட்டிக் நோய் மிகுந்த பழங்குடி மக்களுக்கு முன்மருந்து தரச் சொல்கிறார்கள். யாருடைய வாய், யாருடைய வால்வு, பல் மருத்துவர் எத்தனை மைல் தொலைவில் இருக்கிறார் என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுக்கவேண்டிய விஷயம் இது. நம் நிலைமை அந்தப் பழங்குடி ஊர்களுக்குத்தான் நெருக்கமானது என்பது என் கருத்து.

ருமாட்டிக் நோயாளிகள் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: நான்தான் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்கிறேனே, பிறகென்ன? அந்த ஊசி தொண்டைக் கிருமி மறுபடி வராமல் காப்பது. வாய்க் கிருமிக்கு அது காவல் இல்லை. இன்னும் சொன்னால், அந்த ஊசிக்குப் பழகிப்போன வாய்க் கிருமிகள் பெனிசிலினுக்கு அடங்காமல் போகலாம். அதனால் பல் சிகிச்சைக்கு முன் அவர்களுக்கு வேறு வகை மருந்தையே தேர்ந்தெடுக்கிறோம். பல் மருத்துவரிடம் ஊசியைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும்.

செயற்கை வால்வைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தான் தலைமையில் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய சித்ரா வால்வை, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வின் விலையைக் கேட்டே திரும்பிப்போன குடும்பங்களுக்கு அது உயிர் கொடுத்தது. ஆனால் உலோக வால்வு எதுவானாலும், இரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடவேண்டும். பல் பிடுங்கப் போகிறேன் என்று அந்த மாத்திரையைத் தானாக ஐந்தாறு நாள் நிறுத்திவிட்டு, வால்வு உறைந்து மூச்சுத் திணறலோடு வருபவர்கள் இருக்கிறார்கள். இது என்னை மிகவும் வேதனைப்படுத்தும் சாவு, முழுக்கத் தடுக்கக்கூடியது. இரத்தம் உறையும் அளவைச் சோதித்து, அது வரம்புக்குள் இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலே பெரும்பாலான பற்களைப் பிடுங்கலாம். பஞ்சு வைத்து அழுத்தி, ஒரு தையல் போட்டால் இரத்தம் நிற்கும். இரத்தம் கசிந்தால் நிறுத்த வழி உண்டு. உறைந்த வால்வுக்கு வழி குறைவு.

இப்போது மாரடைப்புக்கு வருகிறேன். 1989-இல் பின்லாந்தில் மாட்டிலா என்பவர், மாரடைப்பு வந்த 100 பேரின் பற்களை மாரடைப்பு வராத 102 பேரின் பற்களோடு ஒப்பிட்டார். மாரடைப்பு வந்தவர்களின் வாய் மோசமாக இருந்தது. அதன் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. அடைபட்ட குழாயின் கொழுப்புத் திட்டிலேயே ஈறுக் கிருமிகளின் மரபணுத் துணுக்குகளைக் கண்டிருக்கிறார்கள். ஈறு புண்ணானால் இரத்தத்தில் அழற்சிப் பொருட்கள் கூடுகின்றன என்பதும் தெரிந்ததுதான். ஆனாலும் 2012-இல் அமெரிக்க இதயச் சங்கம் எல்லாவற்றையும் அலசிவிட்டுச் சொன்னது: இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, ஆனால் ஈறு நோய்தான் மாரடைப்பை உண்டாக்குகிறது என்பதற்கும், ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்பதற்கும் நிரூபணம் இல்லை. பீடி சிகரெட், சர்க்கரை நோய், வறுமை ஆகிய மூன்றும் ஈறையும் கெடுக்கும், இதயக் குழாயையும் கெடுக்கும். ஆகவே மாரடைப்பைத் தடுக்கிறேன் என்று யாராவது பெரிய பல் சிகிச்சைப் பட்டியலை நீட்டினால் ஏமாறாதீர்கள்.

இப்படி ஏமாந்த வரலாறு உண்டு. 1910-இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வாயின் அழுக்கே பல நோய்களுக்கு மூலம் என்று மான்ட்ரீலில் முழங்கினார். அடுத்த கால் நூற்றாண்டில் மூட்டு வலிக்கும் மனநோய்க்கும்கூட நல்ல பற்களைக் கூடை கூடையாகப் பிடுங்கினார்கள். அமெரிக்காவின் டிரெண்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கி, அதற்கும் மேலே போய்க் குடலையும் வெட்டினார், பலர் இறந்தார்கள். 1938-இல் செசிலும் ஆஞ்செவினும் 200 மூட்டுவாத நோயாளிகளை ஆராய்ந்து, பல் பிடுங்கியதால் பயனில்லை என்று எழுதியபோது அந்த அலை அடங்கத் தொடங்கியது. வேர் சிகிச்சை செய்த பல் விஷம் என்று இன்று கைபேசியில் சுற்றுவது அந்தப் பழைய அலையின் மிச்சம்தான்.

ஈறைக் கவனிக்க மாரடைப்பு பயம் தேவையில்லை. சர்க்கரை ஒன்று போதும். இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறக்குறைய 0.4 புள்ளி குறைகிறது. அது சின்ன எண்தான், ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை தரும் பலனுக்குப் பக்கத்தில் வருகிறது.

பல் மருத்துவரிடம் போகும் இதய நோயாளிகளுக்கு இன்னும் இரண்டு செய்தி. இரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் நிஃபெடிபின், ஆம்லோடிபின் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். அது தெரிந்தால் மாத்திரையை மாற்றிக்கொடுப்போம், நீங்களாக நிறுத்தவேண்டாம். அடுத்தது, நடந்தால் கீழ்த்தாடை வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது பல் வலி இல்லை. இதய வலி சிலருக்குத் தாடையில்தான் தெரியும். பல்லைப் பிடுங்கிய பிறகும் அந்த வலி நிற்காது. உடனே ஈசிஜி எடுங்கள்.

பல் மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கும் பழைய பயங்களும் உண்டு. பல்லில் படிந்த காரையை எடுக்கும் ஸ்கேலிங் செய்தால் பல் ஆடத் தொடங்கிவிடும், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மேல் பல்லுக்கும் பார்வை நரம்புக்கும் சம்பந்தமே இல்லை. பல் ஆடுவது, காரை அதைப் பிடித்து வைத்திருந்ததால் மறைந்திருந்த ஆட்டம். எலும்பு முன்பே கரைந்திருக்கும். காரையை எடுத்ததும் அது வெளியே தெரிகிறது. அப்போதும் எடுப்பதே நல்லது, மிச்ச எலும்பாவது நிற்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல், சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் பையில் ஒரு சிறிய டார்ச் இருந்தால் போதும், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாம். சீழ் வடியும் ஈறும் வேர் மட்டும் மிஞ்சிய பல்லும் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். அதேபோல், வால்வு அறுவைக்குப் பெயர் கொடுத்த ஒவ்வொருவரையும் அறுவைக்கு முன்பே பல் மருத்துவர் பார்த்து, பிடுங்கவேண்டியதைப் பிடுங்கி, ஆறவைத்து அனுப்பவேண்டும். அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கும் அட்டையில், எந்த மருந்து, எப்போது, காய்ச்சல் வந்தால் முதலில் எந்தப் பரிசோதனை என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடவேண்டும். பல மருத்துவமனைகளில் அது இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. உங்களில் யாரிடமாவது அப்படி ஓர் அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து அதில் உள்ளதை வரி வரியாகச் சொல்கிறேன். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.